‘தெரியாம’ என்று ஒரு சொல்

எழுத்து தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வரும். நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் ஜுருபஹாசாவாக நின்றதில் வந்த பழக்கம் அது. தமிழில் சொல்வதை மலாயிலும், மலாயில் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்வதுதான் ஜுருபஹாசாவின் வேலை. அரசுத் தரப்பு மேசையில் தாள்கள் அவர்களைப் பார்த்தே கிடக்கும். எதிரே நிற்கும் நான் அவற்றைத் தலைகீழாக வாசித்துவிட்டால், அடுத்து என்ன வரப்போகிறது என்று இரண்டு நிமிடம் முன்பே தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் பிழைப்பை ஓட்டினேன்.

அதே கண்ணால்தான் எனக்கு மனநல ஆலோசனை சொன்ன கவுன்சிலரின் நோட்டையும் வாசித்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவருடைய அறை. எங்களுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு மேசை. அதன் மேல் டிஷ்யூ பெட்டி, இரண்டு டம்ளர், அவருடைய நோட்டு. எனக்குத் தண்ணீர் எடுத்துவர அவர் எழுந்தபோது நோட்டு திறந்தபடியே கிடந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. குரல் கேட்கிறது. பெண் குரல். இன்னும் தொடர்கிறது.

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் சொன்னது இதுதான்: “வீட்டுக்குப் போனாலும் அந்தப் பொண்ணு குரல் காதுலயே கேட்டுக்கிட்டு இருக்கு.” தமிழ் பேசுகிற யாரும் சொல்வதுதான். மாமியார் திட்டியதும் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கும், பிள்ளை அழுததும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் ஒரு கவுன்சிலரின் நோட்டில், குரல் கேட்பது வேறு சங்கதி. பயத்தோடு சிரிப்பும் வந்தது. குரல் கேட்பதற்குத்தானே எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்!

நான் அங்கே போனது என் விருப்பத்தில் அல்ல. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குப் பேச்சு நின்றுபோனது. வயதான லோரி ஓட்டுநர் ஒருவர் கூண்டில் நின்று ஏதோ சொன்னார். நான் மாற்றிச் சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் இரண்டு தடவை கேட்டார். வழக்கறிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். வேறொரு ஜுருபஹாசாவை அடுத்த அறையிலிருந்து அழைத்து வந்துதான் வழக்கை முடித்தார்கள். மறுநாள் என் மேலதிகாரி கூப்பிட்டு, ஆறு வாரம் கவுன்சலிங், அதன் பிறகு கவுன்சிலரின் கடிதம், கடிதம் சரியாக இருந்தால் திரும்பவும் நீதிமன்றம், இல்லாவிட்டால் ஷா ஆலமில் கோப்பு அறை என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷி அல்ல. ஆனால் என் இருபத்திரண்டு வருடத்தையும் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எழுதப்போகிற ஒரு பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

எனக்கு அந்தக் கூண்டுப் பக்கத்து இடம் வேண்டும். அதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ஆக, வியாழக்கிழமைதோறும் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து, கீழே இருந்த சாப்பாட்டுக் கடையின் சாம்பார் வாசனையோடு மாடிப்படி ஏறினேன். கவுன்சிலருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கலாம். நம் பெண்தான். முதல் நாள் நான் “டாக்டர்” என்று கூப்பிட்டதும் பதறிவிட்டார்.

“நான் டாக்டர் இல்ல அக்கா. பேர் சொல்லியே கூப்பிடுங்க. இங்க நாம ரெண்டு பேரும் ஈக்வல்தான்.”

ஈக்வல் என்று சொன்னவருடைய நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. எனக்குக் கொடுத்தது சோபா. உட்கார்ந்தால் பாதி ஆள் உள்ளே போய்விடும். சுவர்க் கடிகாரம் என் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அவருக்கு மட்டும் நேரம் தெரியும். என் திருமணம், என் அப்பாவின் குடி, எனக்கு மாதவிலக்கு நின்ற வருடம் எல்லாம் ஒரே மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டேன். “அது தெரிஞ்சா உங்களுக்கு எப்படி ஹெல்ப் ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். நானும் இருபத்திரண்டு வருடமாகக் குறுக்கு விசாரணை பார்த்தவள்தான். இவ்வளவு மென்மையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதும் பிடிக்கவில்லை. கீழே பூக்கடைக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பூ விற்கிறார் என்பது எனக்குத் தெரியும். இவர் என்ன விற்கிறார் என்று தெரியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னபோது நான் முழுக்க வாசித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இங்க பேசறது எல்லாம் கான்ஃபிடென்ஷியல் அக்கா. பயப்படாதீங்க.”

“நாலாவது பாயிண்ட்ல, என் இலாகாவுக்கு ரிப்போர்ட் போகும்னு போட்டிருக்கே?”

“அது சும்மா சம்மரி மட்டும்தான்லா.”

சும்மா சம்மரி. நீதிமன்றத்தில் ஒரு மனிதர் கால் மணி நேரம் சொல்லுகிற கதையை நான் மூன்று வாக்கியத்தில் முடித்திருக்கிறேன். சம்மரியில் ஒரு ஆளை என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாதா?

அதனால்தான் அந்த மூன்று வரியைப் பார்த்ததும் எனக்கு அப்படி வேர்த்தது. தண்ணீரோடு அவர் திரும்பி வந்தபோது, மெதுவாக, சிரித்துக்கொண்டே சொன்னேன். “குரல் கேக்குதுன்னு நான் சொன்னது சும்மா பேச்சுக்கு. நிஜமா யாரும் வந்து பேசல.”

அவர் தலையாட்டினார். நோட்டில் இன்னொரு வரி எழுதினார்: ‘மறுக்கிறார்’.

அப்போது புரிந்தது, நான் எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. ஆமாம் என்றால் நோய். இல்லை என்றால் மறுக்கிறார். பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார். கூண்டில் நிற்பவர்கள் ஏன் கடைசியில் எதற்கெடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள் என்று எனக்கு இத்தனை வருடம் தெரிந்ததில்லை.

மூன்றாவது வாரமும் நான்காவது வாரமும் நான் ஆடியது நாடகம். நன்றாகத் தூங்குகிறேன், கோயிலுக்குப் போகிறேன், காலையில் நடக்கிறேன் என்று பதவிசாகச் சொல்லிவந்தேன். அவர் ஒவ்வொரு கனமான கேள்விக்கும் முன்னால் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்துவார். அவருக்கே தெரியாத பழக்கம் போலிருக்கிறது. பெட்டி நகர்ந்ததும் நான் தயாராகிவிடுவேன். அவர் என்னைக் கவனிக்கிறார், நான் அவருடைய பெட்டியைக் கவனிக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஆனால் கடிதம் எழுதப்போவது அவர் ஒருவர்தான்.

நான்காவது வார முடிவில் பெட்டி என் முழங்கால்வரை வந்துவிட்டது.

“அக்கா, நான் ஓப்பனா சொல்றேன். நீங்க குரல் கேக்குதுன்னு சொன்னது எனக்குக் கவலையா இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு மனநல டாக்டரப் பாருங்க. அவங்க ஓகே சொல்ற வரைக்கும் கோர்ட் வேலை வேண்டாம்னுதான் நான் எழுத வேண்டி வரும்.”

“நீங்க தமிழ் ஸ்கூல்ல படிச்சீங்களாம்மா?” என்று கேட்டேன். கோபம் தலைக்கேறியிருந்தது.

“இல்லக்கா. மலாய் ஸ்கூல். என் தமிழ் வீட்டுத் தமிழ்தான். ஏன்?”

“காதுலயே கேட்டுக்கிட்டு இருக்குன்னா மறக்க முடியலன்னு அர்த்தம். நோய் இல்ல.”

அவர் முகம் சிவந்தது. எழுதவில்லை. சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார். “சரி. யாரோட குரல மறக்க முடியல? அவங்க என்ன சொன்னாங்க?”

இந்தத் தடவை டிஷ்யூ பெட்டி நகரவில்லை. நான் தயாராகவும் இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று நானே எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். பைத்தியம் என்று எழுதிவிடாமல் தப்பிக்க வேண்டுமென்றால் அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என் வேலை போக வேறொரு காரணம் கிடைத்துவிடும். அதுவும் நியாயமான காரணம். இவர் என்னை வேண்டுமென்றே இந்த மூலைக்குத் தள்ளினாரோ, முதலிலிருந்தே அதற்குத்தான் ‘குரல்’ என்று எழுதினாரோ என்றெல்லாம்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. இலாகாவிலிருந்து யாராவது அவருக்கு முன்கூட்டியே ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்றும் நினைத்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தது கூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை சொன்னேன்.

லோரி ஓட்டுநர் வழக்குக்கு இரண்டு வாரம் முன்பு கூண்டில் ஒரு பெண் நின்றாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். கேன்டீனில் எல்லோரும் கைப்பேசியை சார்ஜில் போடுகிற மேசை ஒன்று இருந்ததாம். அங்கிருந்த வேறொருத்தியின் கைப்பேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். திருட்டு வழக்கு. அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. அன்று பட்டியலில் நாற்பது வழக்குகள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நான் தமிழில் கேட்டதற்கு, “எடுத்தது தப்புதான்” என்றாள். எப்படி எடுத்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள், “ரெண்டு போனும் கறுப்பு கவர். தெரியாம எடுத்துட்டேன் அக்கா” என்றாள்.

நான் மலாயில் சொன்னேன்: “சாயா அம்பில் சென்யாப்-சென்யாப்.” நான் சத்தமில்லாமல், ரகசியமாக எடுத்தேன்.

தமிழில் ‘தெரியாம’ என்ற அந்த ஒரு சொல்லில் இரண்டு பொருளும் ஒளிந்திருக்கின்றன. பிறருக்குத் தெரியாமல் என்றும் வரும், எனக்கே தெரியாமல் என்றும் வரும். எந்தப் பொருளில் சொன்னாள் என்று குழந்தைக்குக்கூடப் புரியும். கறுப்பு கவர் பேச்சை நான் மாற்றிச் சொல்லவே இல்லை.

அந்தப் பெண்ணுக்குச் சந்தைக்குப் போய் வருகிற அளவுக்கு மலாய் தெரியும். சென்யாப் என்ற சொல் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “அக்கா, நான் அப்படிச் சொல்லலயே” என்றாள்.

மாஜிஸ்திரேட் என்னிடம், “ஆப்பா டியா காத்தா?” என்று கேட்டார். என்ன சொல்கிறாள்?

கூண்டில் நிற்பவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் மாற்றிச் சொல்வேன் என்று சத்தியம் செய்தவள் நான். “தியாடா ஆப்பா-ஆப்பா, துவான்” என்றேன். ஒன்றுமில்லை, ஐயா.

ஒரு மாதச் சிறை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த லோரி ஓட்டுநர் வந்து, “தெரியாம ரிவர்ஸ் எடுத்துட்டேங்க” என்று சொன்னபோதுதான் என் வாய் அடைத்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அத்தனை வாரம் என் பக்கம் நகர்ந்து வந்த அந்தப் பெட்டியிலிருந்து கடைசியில் நானே டிஷ்யூவை எடுத்துக்கொண்டேன். கவுன்சிலர் நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி, குரல் என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார். எனக்குத் தெரியட்டும் என்றே அப்படி அடித்தார் என்று நினைக்கிறேன்.

“ஸாரி அக்கா. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

அந்த ஸாரியைக்கூட நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னார். நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் கடிதம் தயாராக இருந்தது. என்னை முதலில் வாசிக்கச் சொன்னார். ஒரு பக்கம்கூட இல்லை, நான்கு வரி. வேலைப்பளுவால் ஏற்பட்ட சோர்வு. அதைத் தவிரக் குறிப்பிடும்படியாக ஒன்றுமில்லை. நீதிமன்றப் பணிக்குத் திரும்பத் தகுதி உடையவர்.

நான் வேண்டி நின்றது இந்தக் கடிதத்தைத்தான். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி, சாம்பார் வாசனையைத் தாண்டி ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்தாரா, கோப்பை மூடியாயிற்று என்று நினைத்தாரா, என் நல்லதுக்கு எது என்று எனக்குப் பதில் அவரே முடிவு செய்துவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது.

“நான் அப்படிச் சொல்லலயே” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் நிமிர்ந்தார். “என்ன சொன்னீங்க அக்கா?”

ஒன்றுமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

“நான் சோர்வுன்னு சொல்லலம்மா. ஒரு பொண்ணு சொன்னத மாத்திச் சொன்னேன், அவ மறுத்தத மறைச்சேன்னு சொன்னேன். அது இதுல இல்லயே.”

“அக்கா, அதப் போட்டா உங்க சீட் போயிடும். அந்தப் பொண்ணு இந்நேரம் ஜெயில்லருந்து வெளிய வந்திருப்பாங்க. இப்ப எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“அவ பேர்ல திருட்டு கேஸ் நிக்குதே. வெளிய வந்தவளுக்கு எந்த தொழிற்சாலையில வேலை குடுப்பான்?”

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். “அந்த எடத்துல சரியான வார்த்தை என்ன அக்கா? மலாய்ல?” என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“தெராம்பில்” என்றேன். “சாயா தெராம்பில். கை தவறி எடுத்துட்டேன்னு அர்த்தம். ஒரே வார்த்தை.”

மலாய்ப் பள்ளியில் படித்தவர் அல்லவா, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். அதை நான் அன்று சொல்லியிருந்தால் மாஜிஸ்திரேட் அவள் ஒப்புதலை ஏற்றிருக்க மாட்டார், வழக்கு விசாரணைக்குப் போயிருக்கும். கவுன்சிலர் புதுத் தாளை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வழிவிடுகிற குரலில், தன் வீட்டுத் தமிழில் கேட்டார்.

“நாப்பது கேஸ், அவசரம். நீங்க தெரியாமதானே அக்கா மாத்திச் சொல்லிட்டீங்க? அப்படின்னு போட்டுக்கட்டுமா?”

எனக்கும் அதே சொல்லை நீட்டினார். பிடித்துக்கொண்டால் போதும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் அந்தக் காலை நேரத்தை நினைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் ‘தெரியாம’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் வாய் திறக்கும்போதே இவளும் திருடிதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். தெராம்பில் என்ற சொல் எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சொன்னேன்.

“இல்லம்மா” என்றேன். “தெரிஞ்சேதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

எழுதினார். எழுதி முடித்ததும், தாளைத் திருப்பி என் பக்கம் நேராக வைத்தார்.